செந்தாடிக் கொல்லன் முந்நூறைத் தொட்ட காதை

வாழ்க ஃபெபி! வெண்ணாற்றின் தென்கரையில், காய்ந்த ஆற்றுமணலின் வெக்கை ஜன்னல்வழி புகுந்து சுவரில் சாய்ந்து இளைப்பாறும் மாடிவீட்டின் தலைவி வாழ்க! கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் பதினோராண்டுகளாகத் தவளைகளையும் ஓணான்களையும் கண்ணாடிக் குப்பிகளில் எண்ணிக்கை குறையாமல் காத்தவள், எத்தனை சோப்புக்கும் அடங்காத ஃபார்மலின் மணம் கமழும் விரல்களை உடையவள், மூக்குக்கண்ணாடியின் இடது வில்லையில் விழுந்த கீறலை இரண்டாண்டுகளாக மாற்றாமல் அக்கீறலூடாகவே உலகைக் கண்டு தெளிந்தவள், ரெமிஜியஸின் மனைவி, அமலோற்பவத்தின் மருமகள், இவ்விரு பட்டங்களும் போதாதென்று மூன்றாவதொரு பட்டத்தை மே மாத விடுமுறையில் வென்றெடுக்கத் துணிந்தவள். அவளைப் பாடும் தகுதி எனக்கில்லை. நான் பாடாவிட்டால் வேறு யாரும் பாடப்போவதில்லை என்பதால் பாடுகிறேன்.

மாடிப்படியின் அடியில் ஒட்டடை சூழப் பச்சைக்கண் சிமிட்டும் மோடமே, முதல் வணக்கம் உனக்கு! கோடைப் பகலில் மின்சாரம் கைவிடும் போதெல்லாம் பெருமூச்செறிந்து எழுந்து குடும்பத்தைத் தாங்கும் இன்வெர்ட்டரே, உன் பேட்டரி வயிற்றில் காய்ச்சி வடித்த வாலைநீர் வற்றாதிருக்கட்டும்! அடுத்த தெருக் கேபிள்காரர் இன்று எந்தக் கம்பத்திலும் ஏறாதிருக்கட்டும்! இம்மூவரின் அருளின்றி இந்தப் போர் இல்லை.

ஏழ்கடல் ராஜ்ஜியம் என்பது கணினித் திரைக்குள் விரியும் ஒரு விளையாட்டு. உலகெங்கும் இருந்து இலட்சம் பேர் ஒரே நேரத்தில் அதனுள் நுழைந்து, வேறு முகமும் வேறு பெயரும் பூண்டு, மலையேறி, அரக்கரை வீழ்த்தி, சந்தையில் பேரம் பேசி வாழ்வர். அங்கே ஃபெபி ஃபெபியல்ல. இடுப்பு வரை தழல்போல் இறங்கும் தாடியும், பனைத்தூர் போன்ற புயமும், தன் உயரத்துக்கு நிகரான சம்மட்டியும் கொண்ட குள்ளன் அவள். செந்தாடி என்பது பெயர். கவசம் செய்யும் கொல்லுத்தொழில் அவன் தொழில். தாடியுள்ள ஆணை ஏன் தேர்ந்தாய் என்று ரெமிஜியஸ் ஒருமுறை கேட்டதற்கு, "அவன எவனும் தம்பி தங்கச்சின்னு கூப்பிட்டு வேலை வாங்க மாட்டான்" என்றாள்.

அத்தொழிலின் கொடுமையைக் கேளுங்கள். ஒன்றிலிருந்து முந்நூறு வரை அதற்குப் படிகள் உண்டு. தொடக்கத்தில் ஓர் ஆணியை அடித்தாலும் ஒரு படி ஏறும். தகரத் தொப்பி தட்டினாலும் ஏறும். குழந்தை நடைபழகும் போது வீடே கைதட்டுமே, அப்படித் தட்டிக்கொடுத்துத் தட்டிக்கொடுத்து மேலே அழைத்துப் போகும். இருநூற்றுத் தொண்ணூறைத் தாண்டியதும் அந்த அன்னைமுகம் மாமியார்முகமாகிவிடும். அதன்பின் மகாகவசம் என்ற ஒன்றைச் செய்தால் மட்டுமே படி ஏற வாய்ப்புண்டு. வாய்ப்பு மட்டுமே உண்டு. மூன்று செய்தால் ஒன்றுக்கு ஏறினாலும் ஏறலாம். ஒரு மகாகவசத்துக்கு நாற்பது நீலத்தாது உருக்க வேண்டும். செய்து முடித்த மகாகவசமோ சந்தையில் வாங்குவாரற்றுக் குவிந்து கிடப்பது. அதை அணிந்தால் நீந்த முடியாது, ஓட முடியாது, குனிந்து பூட்ஸ் மாட்டவும் முடியாது. கொல்லன் உயர்வதற்காக மட்டுமே பிறந்து, பிறந்த கணமே பயனற்றுப்போகும் அத்தகைய கவசங்கள் நாற்பத்தாறு செந்தாடியின் கிடங்கில் சுவர்போல் எழுந்து நின்றன.

இதற்காக அவன் இழந்தவற்றை எண்ணினால் கல்லும் கசியும். பறக்கும் குதிரையை விற்றான்; அன்றிலிருந்து நடந்தே திரிந்தான். வெள்ளிச் சேணத்தை விற்றான். தலைநகரில் கடல்நோக்கிய ஜன்னலோடு அவன் வாங்கியிருந்த வீட்டை, ஒருநாள்கூட உள்ளே உட்காராமல், விற்றான். கடைசியில் அவனிடம் எஞ்சியவை சம்மட்டி, தாடி, மானத்தைக் காக்க ஒரு கோவணத்துணி. அன்று சந்தை வழியாக அவன் நடந்தபோது ஊர்பேர் தெரியாத வீரனொருவன் பிச்சைக்காரனென்று எண்ணி ஒரு ரொட்டியை வீசிப்போனான். ஃபெபி அந்த ரொட்டியையும் விற்றாள்.

காலக்கெடுவும் வந்தது. செவ்வாய்க்கிழமை நண்பகல் பன்னிரண்டுக்கு ராஜ்ஜியத்தின் கதவுகள் அடைபடும். திறக்கும்போது பழைய தொழில்முறை ஒழிந்து புதியது பிறந்திருக்கும். அதற்குமுன் முந்நூறைத் தொட்டவர் மட்டும் 'ஆதிக்கொல்லர்' என்னும் பட்டத்தை என்றைக்கும் பெயருக்கு முன் சூடுவர். இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதில் நின்றவரும் ஒன்றில் நின்றவரும் ஒருவரே. இவ்வாறு முரசறையப்பட்டது.

ஒரு பட்டத்துக்கா இத்தனை என்று கேட்பீர்கள். ஃபெபியின் இரும்புப் பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்து பார்த்தால் கேட்க மாட்டீர்கள். தட்டச்சில் லோயர் சான்றிதழ் அங்கே உண்டு, ஹையர் இல்லை. அஞ்சல்வழி முதுகலையில் பத்துத் தாள்களில் ஒன்பதுக்கு மதிப்பெண் பட்டியல் உண்டு. திருச்சபைப் பீடத்துக்கென்று அவள் கொக்கி ஊசியால் பின்னிய வெள்ளை விரிப்பில் மூன்று மூலைகளில் திராட்சைக் கொத்துகள் தொங்கும். நான்காவது மூலையில் ஊசி இன்னும் கோர்த்தபடி. ஓட்டுநர் பழகுநர் உரிமம் இருமுறை எடுத்து இருமுறையும் காலாவதியானது. ஏன் முடியவில்லை என்பதற்கு அவளிடம் காரணங்கள் உண்டு, நேர்மையான காரணங்கள். ஹையர் தேர்வன்று அத்தைக்குக் கண் அறுவை. பத்தாம் தாளன்று ரெமிஜியஸின் மோட்டார் பட்டறையில் ஆள் வரவில்லை. விரிப்பை மடித்து வைத்தது ஆய்வகத்துக்குச் சோதனைக் குழு வந்த வாரம். ஒவ்வொரு முறையும் யாரோ கூப்பிட்டார்கள். அவள் எழுந்து போனாள். முப்பத்தேழு வயதில், கடைசிப் படி வரை ஏறிய ஒன்றேனும் தன்பெயரில் இருக்க வேண்டும் என்று அவள் விரும்பினாள். அது பயனுள்ளதாக இருக்க வேண்டும் என்றுகூட விரும்பவில்லை.

இனிப் படையைப் பாடுவோம். 'டெல்டா பாய்ஸ்' என்பது அதன் திருநாமம். அதில் இருபத்து மூவர், ஐவர் பெண்கள், நால்வர் நரைத்தோர். பெயரைச் சூட்டியவன் படையைவிட்டு எப்போதோ சிங்கப்பூர் போய்விட்டான். பெயரை மாற்றும் அதிகாரமும் அவனோடு போயிற்று. இப்படையின் தலைவர் வீரையன். பொதுப்பணித்துறையில் முப்பத்தோராண்டுகள் லஸ்கராக இருந்து, மதகுகளின் ஷட்டரை ஏற்றியும் இறக்கியும், எந்த வாய்க்காலுக்கு எந்த நாளில் எத்தனை நாழி தண்ணீர் என்று முறை வைத்து விட்டவர். வயல் காய்ந்த ஆத்திரத்தில் மண்வெட்டியோடு திரண்டு வந்த கூட்டத்தின் முன் கையில் ஒற்றைச் சாவியோடு அசையாமல் நின்றவர். அவர் ஓய்வுபெற்ற பிறகு அவர் மகன் வாங்கிக்கொடுத்த கணினியில் ஏழ்கடல் ராஜ்ஜியத்துக்குள் இறங்கிப் பார்த்தபோது, அங்கே நீலத்தாது விளையும் முகட்டுமலையின் ஏழு குழிகளுக்காக டெல்டா பாய்ஸ் ஒருவர் தாடியை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தனர். வெட்டிய குழி மறுபடி ஊற மூன்று மணி நேரமாகும். முதலில் வந்தவன் அள்ளினான். பின்னால் வந்தவன் அழுதான். வீரையனுக்கு அந்தக் காட்சி பழகிய காட்சி.

அவர் முறை வைத்தார். குழிகளை ஏழு மதகுகளென்று அறிவித்தார். தம் வாழ்நாளெல்லாம் செய்ய ஆசைப்பட்டு, மேலதிகாரிகளும் மேட்டுநிலத்தாரும் விடாததால் செய்யமுடியாமல் போன ஒன்றை அங்கே செய்தார்: கடைமடைக்கு முதல் முறை. கோடியக்கரைக்காரர் முதலில் வெட்டுவர், நாகப்பட்டினத்தார் அடுத்து, தலைமடையான தஞ்சாவூர்ப் பக்கத்தார் எல்லாருக்கும் கடைசியில். இன்னொரு விதியும் இட்டார். முறைக்குரியவர் வந்து நின்றாலும், வீரையன் மலைவாயிலில் ஏறிநின்று "தெறந்தாச்சு" என்று திருவாய் மலரும்வரை ஒரு பிக்காசும் பாறையைத் தொடலாகாது. மூன்றாண்டுகளில் ஒருவரும் இவ்விதியை மீறவில்லை. ராஜ்ஜியத்தில் வேறெந்தப் படையும் இப்படியொரு விதியைக் கேள்விப்பட்டதுமில்லை.

செவ்வாய் புலர்ந்தது. தொண்ணூற்றெட்டில் நின்ற செந்தாடி — இருநூறைச் சொல்வதற்கு இனி நேரமில்லை — எஞ்சிய தாதுவில் இரண்டு மகாகவசம் அடித்தான். முதலாவது வீண். இரண்டாவதில் பட்டடை மின்னித் தொண்ணூற்றொன்பது! ஒரே ஒரு படி. கிடங்கிலோ ஒரு தாதுத்துணுக்கும் இல்லை. ஆனால் கலங்க வேண்டியதென்ன? எட்டு மணிக்கு அவளுடைய முறை. ஏழு குழிகளும் ஊறித் ததும்பிக்கொண்டிருந்தன.

எட்டு அடித்தது. முகட்டுமலையின் அடிவாரத்தில் செந்தாடி நின்றான், கோவணத்தோடும் பிக்காசோடும். துணைக்குப் பன்னிருவர் நின்றனர். காதணிக் கருவியில் நாகப்பட்டினத்துத் துறைமுகத்தின் ஐஸ் பிளாண்டிலிருந்து, பனிப்பாளங்கள் நொறுங்கும் பேரிரைச்சலைப் பின்னணியாகக் கொண்டு, ஹபீப் முகம்மதுவின் குரல் எழுந்தது.

"அக்கா, மணி எட்டு அஞ்சு. வெட்டுங்களேன்."

"லஸ்கர் ஐயா இன்னும் தெறக்கலியே தம்பி."

"அவரு எங்க?"

அவர் எங்கென்று மன்னார்குடி மதிவதனி சொன்னாள். படையில் காயங்களை ஆற்றும் மருத்துவச்சி அவள், வெளியே பி.எட். மாணவி. "திருவிடைமருதூர்ல அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து. காலைலயே கெளம்பிட்டாரு. எட்டு மணிக்குப் போன்லேருந்து உள்ள வந்து தெறந்து வுடுறேன்னுதான் சொன்னாரு."

கைபேசியில் அழைத்தார்கள். அது ஒலித்தது; ஒலித்துக்கொண்டே இருந்தது. ஊறிய ஏழு குழிகளும் நீலஒளி கக்கின. பதின்மூன்று பிக்காசுகள் தோளில் கிடந்தன. எட்டே காலாயிற்று. எட்டரையாயிற்று. வெட்டினால் தடுப்பார் யாருமில்லை. மலைக்குக் காவலில்லை, குழிக்குப் பூட்டில்லை, ராஜ்ஜியத்தின் எந்தச் சட்டமும் அவர்களைத் தடுக்கவில்லை. ஆயினும் ஷட்டர் ஏறாத வாய்க்காலில் கைவைப்பவனைப் பற்றி அந்தப் பதின்மூவரின் வீடுகளிலும் எப்படிப் பேசுவார்களென்று பதின்மூவருக்கும் தெரியும். உடலே இல்லாத அந்த மலையில், இல்லாத ஒரு ஷட்டரின் முன்னால், வெறுங்காலோடு வரப்பில் நிற்பவர்கள்போல் அவர்கள் நின்றனர்.

எட்டு நாற்பதுக்கு வந்தார்கள் எண்மர். எந்த நாட்டாரோ, பெயரெல்லாம் வாய்க்குள் நுழையாத எழுத்து, ஓநாய்த்தோல் போர்த்தவர்கள். நின்றுகொண்டிருந்த பதின்மூவரையும் சிலைகளென்று எண்ணினரோ என்னவோ, ஒருவன் செந்தாடியைச் சுற்றி இருமுறை நடனமாடினான். பிறகு எண்மரும் ஏழு குழிகளில் இறங்கி, பிக்காசின் ஓசை எட்டுத்திசையும் எதிரொலிக்க, நீலத்தாதுவைக் கடைசித் துணுக்கு வரை சுரண்டிக் குதிரையேறிப் பறந்து மறைந்தனர். எல்லாம் நான்கு நிமிடம்.

"யக்கா," என்றான் ஹபீப். "நம்மள மாதிரி ஒரு கூட்டம் ஒலகத்துல உண்டா? திருடன் வந்து அள்ளிட்டுப் போறான், நாம க்யூ வரிசை கலையாம பாத்துக்கிட்டு நிக்கிறோம்."

திரையை அணைத்துவிட்டுக் கீழே போய்த் துணி உலர்த்தலாம் என்ற எண்ணம் ஃபெபிக்கு வந்தது. அந்த எண்ணத்தோடு கூடவே ஓர் ஆறுதலும் வந்ததை அவள் கவனித்தாள். காய்ச்சல் வந்ததால் பள்ளிக்குப் போகவேண்டாம் என்றறியும் குழந்தையின் ஆறுதல். இந்தமுறையும் காரணம் தன்னுடையதல்ல. பீரோவின் கீழ்த்தட்டில் இதற்கும் ஓர் இடமிருந்தது. அந்த ஆறுதல் அவளுக்கு அவமானமாக இருந்தது. ஆகையால் எழாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஒன்பதரைக்கு வீரையனின் குரல் வந்தது. பின்னால் நாதசுரமும், ஊசிகண்டு வீறிடும் குழந்தையின் அழுகையும் கேட்டன.

"போன் என் மருமவ பைல மாட்டிக்கிச்சுய்யா. சத்தத்துல கேக்கல. என்னாச்சு? வெட்டியாச்சா ஃபெபிம்மா?"

நடந்ததைச் சொன்னார்கள். அவர் கேட்டார்: "நான் வரலன்னா நீங்களா வெட்டிக்கப்படாதா?"

"நீங்கதானய்யா தொடக்கூடாதுன்னீங்க," என்றாள் மதிவதனி.

"ஆமா," என்றார் வீரையன். "நான்தான் சொன்னேன்."

குழிகள் மறுபடி ஊறும்போது பதினொன்றே முக்கால் ஆகிவிடும். வெட்டி, சுமந்து, உலைக்களம் சேருமுன் ராஜ்ஜியம் அடைபடும். ஆகவே வேறு வழி ஒன்றேதான். மலையின் அடிவயிற்றில் ஒரு குகை. அக்குகைக்குள் யாரும் தொடாத தாதுச்சுவர். அச்சுவரின் முன்னால், ஓடம்போல் தாடையும் தேர்வடம்போல் வாலும் கொண்டு, நூறாண்டு உறங்கும் கரும்பல்லி. நாற்பது பேர் தேவைப்படும் போர் அது. அங்கே இருபத்து மூவரும் கூடினாலும் பிழைப்பது அரிதென்பதால்தான் முறையே வந்தது.

அப்போது அவர் முழங்கினார்! மதகுச் சாவியன்றி வேறு படைக்கலம் அறியாத வீரையன், முப்பத்தோராண்டு எந்த வாய்க்கால் கரையையும் ஒரு சாண் வெட்டவிடாத வீரையன், காதுகுத்து மண்டபத்தில் பந்திக்கு உட்கார்ந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி முழங்கினார்:

"முறையும் இல்ல கிறையும் இல்ல! இன்னைக்கு எல்லாரும் வாங்க! மடைய வெட்டுங்கடா!"

எழுந்தது டெல்டா பாய்ஸ். கோடியக்கரையின் உப்பளத்திலிருந்து ஒருவர் வந்தார். திருவாரூரில் பேருந்துக்காகக் காத்திருந்த ஒருவர் கைபேசியோடு பெஞ்சில் சாய்ந்து வந்தார். ஐஸ் பிளாண்டின் பொறுப்பை இன்னொருவரிடம் தள்ளிவிட்டு ஹபீப் முகம்மது வந்தான், வாளும் கேடயமும் ஏந்திய வெண்குதிரை வீரனாக. பத்தேகாலுக்கு இருபத்திருவரும் குகைவாயிலில் திரண்டனர். குதிரையை விற்ற செந்தாடி மட்டும் நடந்து வந்துகொண்டிருந்ததால் போர் பதினொரு நிமிடம் தாமதமாயிற்று.

அப்போரை எப்படி உரைப்பேன்! கரும்பல்லி கண்விழித்த கணத்தில், சம்பா அறுவடைக்கு முன்வந்த புயலில் பயிர் படுப்பதுபோல் முன்வரிசை அறுவர் படுத்தனர். மதிவதனி அவர்களை எழுப்பினாள், மறுபடி படுத்தனர், மறுபடி எழுப்பினாள். "எத்தன தடவதான்யா எழுப்புறது, எங்கம்மாவே காலைல என்னை ரெண்டு தடவைதான் எழுப்புவாங்க" என்று அவள் அலறியது ஏழ்கடலும் கேட்டது. ஹபீப் முகம்மது பல்லியின் முன்னங்காலைப் பிடித்துத் தொங்கினான். வலைக்குள் சிக்கிய சுறா படகை இழுப்பதுபோல் அது அவனைக் குகைமுழுதும் இழுத்தது. வீரையன் மண்டப வாசலில் இளநீர்க் காய்களுக்கு நடுவே உட்கார்ந்து, பெருவிரலால் தம் கிழவீரனை நகர்த்தி, பல்லியின் வாலுக்கும் சுவருக்கும் இடையே ஷட்டர்ப் பலகைபோல் நட்டுவைத்தார். அங்கேயே நசுங்கிச் செத்தார்; செத்தபடியே கட்டளையிட்டார். "எடப்பக்கம் கசியுது! எடப்பக்கம் ஆளப் போடுங்க! ஃபெபிம்மா, நீ சண்டைக்கு வராத, சொவத்த வெட்டு!"

போரில் சுழலும் வாள்களுக்கு நடுவே, கோவணமுடுத்த ஒரு குள்ளன் எதையும் பாராமல் சுவரைக் கொத்திக்கொண்டிருந்தான். பத்து. முப்பது. ஐம்பத்தைந்து. பின்னால் ஒவ்வொருவராக விழும் ஓசையை ஃபெபி கேட்டாள். தன்பொருட்டு இருபத்திருவர் வெயில்நேரத்தில் வேலையை விட்டுவந்து விழுகிறார்கள் என்பது அவளுக்கு உறைத்தது. பிறர் கூப்பிட்டபோதெல்லாம் தான் எழுந்து போனதைத்தான் அவள் இதுவரை கணக்கில் வைத்திருந்தாள். தான் கூப்பிட்டதேயில்லை, கூப்பிட்டால் என்ன ஆகுமென்று பார்த்ததுமில்லை. எண்பத்து மூன்றாம் தாது பெயர்ந்தபோது குகையில் அவளும் பல்லியும் மட்டுமே நின்றனர்.

"ஓடுங்கக்கா!" என்றது ஹபீப்பின் பிணம்.

ஓடினாள். பல்லி குகைவாயில் வரை துரத்தி, வெளிச்சம் கூசித் திரும்பியது. குதிரையில்லாத அந்த நெடுவழியெல்லாம், மூச்சிரைக்காத உருவத்தை மூச்சிரைக்க ஓட்டி, பதினொன்று நாற்பதுக்கு உலைக்களம் சேர்ந்தாள். எண்பத்து மூன்று தாது, இரண்டு கவசம், மூன்று மிச்சம்.

முதல் கவசம் உலையிலிருந்து எழுந்தது. பட்டடை மின்னவில்லை. தொண்ணூற்றொன்பது.

கடைசி நாற்பதும் உருகி நின்றது. சுட்டியின் மேல் விரல். மணி பதினொன்று ஐம்பத்தொன்று.

ஃபெபி காத்திருந்தாள்.

எதற்காகக் காத்திருக்கிறாள் என்று முதலில் அவளுக்கே தெரியவில்லை. பிறகு தெரிந்தது: காதணிக் கருவியை ஒருபக்கம் விலக்கி வைத்திருந்தாள், அந்தக் காது படிக்கட்டின் பக்கம் திரும்பியிருந்தது. கீழே பட்டறையில் ரெமிஜியஸ் மோட்டாருக்குக் கம்பிச்சுருள் சுற்றும் கைப்பிடியின் கிறீச்சொலி. கூடத்தில் அத்தை பார்க்கும் தொலைக்காட்சி. யாரும் கூப்பிடவில்லை. பதினொன்று ஐம்பத்திரண்டு. அவள் எழுந்து படிக்கட்டின் தலைப்பில் நின்றாள்.

"ஏங்க, கூப்பிட்டீங்களா?"

கிறீச்சொலி நின்றது. "இல்லியே. ஏன்?"

"அத்தை, நீங்க?"

"நான் எதுக்குடி கூப்புடுறேன்? மணி ஆயிடுச்சுன்னு காலைலேருந்து சொல்லிக்கிட்டு இருந்தியே, போய் அதப் பாரு."

கைப்பிடி மறுபடி சுழன்றது. ஃபெபி படிக்கட்டின் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றாள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கண் அறுவை மெய். பட்டறையில் ஆள் வராததும் மெய். சோதனைக் குழு மெய்தான். ஆனால் கண் அறுவை தேர்வு முடிந்த பிற்பகலில்தான் இருந்தது. காலையிலேயே மருத்துவமனைக்குப் போய் வராந்தாவில் உட்கார்ந்துகொண்டவள் அவள். சோதனைக் குழு ஒரு வாரத்தில் போய்விட்டது. ஊசி ஆறு வருடமாகக் கோர்த்தபடி இருக்கிறது. யாராவது கூப்பிடுவார்கள் என்று ஒவ்வொரு கடைசிப் படியிலும் அவள் ஒரு காதைத் திருப்பிவைத்து நின்றிருக்கிறாள். முடித்துவிட்டால் இவ்வளவுதானா என்று தெரிந்துவிடும். முடிக்காதது எவ்வளவு பெரிதாகவும் இருக்கலாம். இத்தனை பெரிய எதிரி ஓநாய்த்தோலும் போர்த்தாமல், வாலும் இல்லாமல், பருத்திப் புடவையில் மாடிப்படியில் நின்றுகொண்டிருப்பாள் என்று எந்தப் படைத்தலைவனும் எச்சரிக்கவில்லை.

பதினொன்று ஐம்பத்தாறு.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். காதணிக் கருவியை இரண்டு காதிலும் பொருத்தினாள். இடி வீழ்ந்ததுபோல், அணைக்கதவுகள் பதினாறும் ஒருங்கே திறந்ததுபோல், ஃபார்மலின் மணக்கும் அவ்வாட்காட்டி விரல் தாழ்ந்தது, சம்மட்டி எழுந்தது, வீழ்ந்தது, பட்டடை மின்னியது, மின்னிய ஒளி உலைக்களத்தைக் கடந்து மலையைக் கடந்து ராஜ்ஜியத்தின் வானெங்கும் பொன்னெழுத்தாய் விரிந்தது: ஆதிக்கொல்லர் செந்தாடி!

ஆரவாரம் எழுந்தது காண்க. இருபத்திரண்டு தொண்டைகள்! ஐஸ் பிளாண்டில் ஹபீப் எதையோ தட்டிக் கவிழ்த்த ஓசை! "ட்ரீட்டு வேணும்க்கா, அந்த அம்பது கவசத்துல ஒண்ணு எனக்கு வேணும், மீன் வைக்கலாம்!" மதிவதனி அழுதாளா சிரித்தாளா என்று பிரிக்க முடியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாகத் திருவிடைமருதூரிலிருந்து ஒரு முதிய குரல், கரகரத்து, மெல்ல: "ஏறிடுச்சுய்யா. கடைசி வயல் வரைக்கும் ஏறிடுச்சு."

நான்கு நிமிடம் நிலைத்தது அப்புகழ். பன்னிரண்டுக்கு வானம் கறுத்தது, பொன்னெழுத்து அவிந்தது, படைகள் மறைந்தன. கறுத்த திரையில் கீறல் விழுந்த கண்ணாடியணிந்த ஒரு முகம் தெரிந்தது. அம்முகத்தில் வெற்றியைத் தேடினாள். பெரிதாக ஒன்றுமில்லை. இவ்வளவுதான் என்று தெரிந்துவிட்டது. இவ்வளவு போதும் என்றும் தெரிந்தது. நெடுநாளாக ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை யாரோ நிறுத்தியபின்தான் அது ஓடிக்கொண்டிருந்ததே காதுக்குத் தெரிவதுபோல், உள்ளே ஓர் அமைதி விழுந்து பரவியது. பொன்னி பாயும் நாட்டின் கொல்லர் குலத்திலகமே, முறை கடந்து மடை வெட்டிய பெரும்படையின் ஆணிவேரே, முந்நூறு படியும் முற்றத் துறைபோகிய முதல்வியே, நின் புகழ் நின்று நிலவுக!

பிறகு அவளுக்குப் பசித்தது. காலையில் மீந்த இட்லி நாலு இருந்தது, சர்க்கரை தொட்டுச் சாப்பிட்டாள்.